இரண்டு முறை ஒழுகிய ஆயில் சீல்: ஓர் எக்ஸ்பல்ஸ் 200 வண்டியின் நிகழ்வு ஆய்வு

புகார்

2023 ஆகஸ்ட் மாத இறுதியில், 31,400 கிலோமீட்டர் ஓடியிருந்த என் ஹீரோ எக்ஸ்பல்ஸ் 200 மோட்டார் சைக்கிளின் இடப்பக்கத்தில், செயினை இழுக்கும் பல்சக்கரமான முன் ஸ்ப்ராக்கெட்டை மூடியிருக்கும் உறையின் அடியிலிருந்து எண்ணெய் சொட்டத் தொடங்கியது. அந்த ஆண்டு மே மாதத்திலும் இதே இடத்தில் இப்படியே சொட்டியது. அப்போது, அந்த ஸ்ப்ராக்கெட் பூட்டியிருக்கும் கியர் ஷாஃப்ட்டைச் சுற்றி எண்ணெய் வெளியேறாமல் தடுக்கும் ரப்பர் வளையமான ஆயில் சீலை மாற்றினோம். மாற்றிய சீல் 1,800 கிலோமீட்டர்தான் தாங்கியது. முதல் தடவை ஒழுகியபோது வயதின் தேய்மானம் என்று எடுத்துக்கொள்வதில் தவறில்லை. புதிதாகப் போட்ட சீலும் மூன்றே மாதத்தில் ஒழுகும்போது, கோளாறு வேறெங்கோ இருக்கிறது, சீல் அதைக் காட்டிக்கொடுக்கிறது என்றுதான் கொள்ள வேண்டும். அந்த வேறிடத்தைக் கண்டுபிடிக்க எனக்கு இரண்டு வாரம் ஆயிற்று. அந்தத் தேடலே இந்தக் குறிப்பு.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இங்கே விவரிக்கப்படும் பழுது தொழிற்சாலையில் பிறந்ததன்று. வண்டியில் நான் செய்த மாற்றங்களும், அவற்றுக்கு ஏற்பப் பராமரிப்பை மாற்றாமல் விட்டதுமே காரணம்.

வண்டியும் அதன் வேலையும்

தார்ச்சாலைக்கும் மண்பாதைக்கும் பொதுவான சிறிய வண்டி இந்தியாவில் நெடுங்காலம் கிடைக்கவில்லை. 2011இல் ஹீரோ நிறுவனம் கொண்டுவந்த 150 சி.சி. இம்பல்ஸ் சில ஆண்டுகளில் நின்றுபோனது. அதன் இடத்தை நிரப்ப 2019 மே மாதம் எக்ஸ்பல்ஸ் 200 வந்தது. கார்புரேட்டர் வைத்த வகையின் அறிமுக விலை 97,000 ரூபாய். 199.6 சி.சி. எஞ்சின், 18.4 குதிரைத்திறன், 153 கிலோ எடை, முன்னால் 21 அங்குலமும் பின்னால் 18 அங்குலமும் கொண்ட கம்பிச் சக்கரங்கள், தரையிலிருந்து 220 மி.மீ. இடைவெளி. இந்தக் கதைக்கு மிகவும் வேண்டிய எண் இன்னொன்று உண்டு: பின் சக்கரம் மேலும் கீழும் 170 மி.மீ. ஆடும். முன் சக்கரத்தின் ஆட்டம் 190 மி.மீ. நகரத்தில் ஓடும் சாதாரண வண்டிகளில் பின்பக்க ஆட்டம் ஏறத்தாழ இதில் பாதிதான்.

நான் எலக்ட்ரானிக் தராசு பழுதுபார்ப்பவன். வீடு சேந்தமங்கலத்தில். வாரத்தில் இரண்டு நாள் கொல்லிமலை ஏறி, மிளகும் காப்பியும் கொள்முதல் செய்யும் கடைகளின் தராசுகளைச் சரிபார்த்துக் கொடுப்பது வேலை. காரவள்ளியிலிருந்து சோளக்காடு வரை 70 கொண்டை ஊசி வளைவுகள். மேலே போன பின்பு, சில ஊர்களுக்குத் தார் முடிந்து செம்மண்ணும் உருட்டுக்கல்லுமாகப் பாதை தொடரும். என்னோடு 20 கிலோ சோதனை எடைக்கற்களும் ஏழெட்டுக் கிலோ கருவிகளும் வரும். 2021இல் 13,000 கிலோமீட்டர் ஓடிய நிலையில் பழைய வண்டியாக இதை வாங்கியதற்குக் காரணம், இந்தச் சுமையோடு அந்தப் பாதையில் போக வேறு எந்த வண்டியும் என் பணத்துக்கு எட்டவில்லை என்பதுதான். கார்புரேட்டர் வகையைத் தேடி எடுத்தேன். மலைமேல் நின்றுபோனால் ஸ்க்ரூடிரைவரால் திறந்து பார்க்கக்கூடியது அது ஒன்றே என்ற எண்ணம்.

மாற்றங்கள் வந்த வரிசை

வாங்கிய ஆண்டு டிசம்பரில் பின்னால் இரும்புக் கேரியரும் இருபுறப் பெட்டிகளும் வந்தன. அடுத்த மார்ச்சில், நின்றுகொண்டு ஓட்டும்போது முதுகு வளையாமலிருக்க, ஹேண்டில்பாருக்கு அடியில் 30 மி.மீ. உயரக் கட்டைகள் வைத்தேன். ஜூனில் எஞ்சினுக்கு அடியில் அலுமினியத் தகடு. நவம்பரில் பின்பக்கத்துக்கு, மண்ணைப் பற்றும் புடைப்புகள் கொண்ட பட்டன் டயர். 2023 ஜனவரியில்தான், இந்த ஆய்வின் மையமான மாற்றம் நடந்தது: 13 பல் கொண்ட முன் ஸ்ப்ராக்கெட்டைக் கழற்றி 12 பல் கொண்டதைப் போட்டேன். விலை 450 ரூபாய்; வேலை அரை மணி நேரம். சுமையோடு வளைவில் முதல் கியரில் எஞ்சின் திணறுவது உடனே நின்றது. ஒரு பல் குறைந்தால் இழுவை 13க்கு 12 என்ற விகிதத்தில், அதாவது ஏறத்தாழ 8.3 விழுக்காடு கூடும். அதே எஞ்சின் சுற்றில் முன்பு 80 கி.மீ. வேகம் போன வண்டி இப்போது 74இல் நிற்கும். மலைக்கு இது நல்ல பேரம் என்று அப்போது நினைத்தேன்.

இத்தகைய மாற்றங்களுக்கு ஒரு சட்டப் பக்கமும் உண்டு. மோட்டார் வாகனச் சட்டம், 1988இன் 52ஆம் பிரிவு, பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் முதலில் குறித்தவற்றிலிருந்து மாறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. அதே ஆண்டு வந்த திருத்தத்தின்படி, விதிக்குப் புறம்பான மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்க இடமுண்டு. எஞ்சின், வண்டியின் ஃபிரேம், சைலன்சர், விளக்கின் ஒளி ஆகியவற்றில் நான் கைவைக்காததற்கு இதுவே காரணம்.

பிப்ரவரியில் புதிய சத்தம் ஒன்று வந்தது. வேகத்தடையில் ஏறி இறங்கும்போதும் கல்பாதையில் போகும்போதும் இடப்பக்கம் காலுக்கு அடியில் ‘டக்டக்’ என்று அடித்தது. நான் வழக்கமாகப் போகும் பட்டறையில் இருந்த பையன் செயினைக் கையால் தூக்கிப் பார்த்து, “அண்ணே, செயின் தொளதொளன்னு இருக்கு, அதான் அடிக்குது” என்றான். அன்றைக்கே இறுக்கிக் கொடுத்தான். சத்தம் பெருமளவு குறைந்தது, எனக்கும் திருப்தி. அடுத்த மூன்று மாதத்தில் எண்ணெய் ஒழுகத் தொடங்கியது.

ஒழுகலை உறுதிசெய்தல்

இரண்டாவது முறை ஒழுகியபோது பட்டறைக்குப் போகாமல் வீட்டிலேயே பார்ப்பதென்று முடிவுசெய்தேன். அந்த இடத்தில் தெரியும் எண்ணெய் எல்லாமே எஞ்சின் எண்ணெய் என்று சொல்ல முடியாது. செயினுக்குப் பூசும் எண்ணெயும் அங்கேதான் தெறித்துத் தங்கும். கியர் மிதியின் தண்டுக்கும் தனி சீல் உண்டு, அதுவும் ஒழுகக்கூடும். எது எதுவென்று பிரித்தறிய, உறையைக் கழற்றி, ஒரு விரற்கடை கனத்துக்கு அப்பியிருந்த எண்ணெய்ச் சேற்றைக் குச்சியால் சுரண்டி, மண்ணெண்ணெயும் பிரஷ்ஷும் கொண்டு கழுவித் துடைத்துக் காய வைத்தேன். பிறகு குழந்தைகளுக்குப் போடும் பவுடரை அந்தப் பகுதி முழுவதும் தூவி, உறையை மாட்டி, காரவள்ளி வரை போய்த் திரும்பினேன்.

உறையைத் திறந்ததும் விடை எழுதி வைத்ததுபோல் தெரிந்தது. செயினிலிருந்து தெறித்தவை தனித்தனிப் புள்ளிகளாக, உறையின் உட்புறத்தில் மட்டும் இருந்தன. கியர் மிதித் தண்டைச் சுற்றிப் பவுடர் வெள்ளையாகவே இருந்தது. ஸ்ப்ராக்கெட்டுக்குப் பின்னால், ஷாஃப்ட் வெளியே வரும் இடத்தில் மட்டும் பவுடர் ஈரமாகிக் கஞ்சிபோல் திரண்டு, அங்கிருந்து கீழ்நோக்கி ஒற்றை ஓடையாக இறங்கியிருந்தது. ஆக, ஒழுகுவது அந்த சீல்தான்.

செயினைக் கழற்றி, ஸ்ப்ராக்கெட்டை இரு கையாலும் பிடித்து முன்னும் பின்னுமாக அசைத்தேன். மிகச் சிறிய ஆட்டம், ‘கிடுக்’ என்று. முன்னும் பின்னுமாக இருந்த அந்த ஆட்டம் மேலும் கீழுமாக அசைத்தபோது ஏறத்தாழத் தெரியவில்லை. அந்த வேறுபாடுதான் என்னை முதன்முறையாக செயின் பக்கம் திருப்பியது. ஷாஃப்ட்டை யாரோ தொடர்ந்து பின்னோக்கி இழுத்திருக்கிறார்கள். அந்தத் திசையில் அதை இழுக்கக்கூடியது செயின் ஒன்றே.

செயின் எப்போது இறுகுகிறது

பின் சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங் ஆர்ம், எஞ்சினுக்குப் பின்னால் ஓர் அச்சில் மேலும் கீழும் ஆடுகிறது. முன் ஸ்ப்ராக்கெட் அந்த அச்சில் இல்லை. அதற்குச் சில அங்குலம் முன்னால் இருக்கிறது. இதனால் சக்கரம் மேலும் கீழும் போகும்போது, முன் ஸ்ப்ராக்கெட்டின் மையத்துக்கும் பின் சக்கரம் சுழலும் தண்டான பின் ஆக்சிலுக்கும் உள்ள தூரம் மாறிக்கொண்டே இருக்கும். முன் ஸ்ப்ராக்கெட், ஸ்விங் ஆர்ம் அச்சு, பின் ஆக்சில் ஆகிய மூன்றும் ஒரே நேர்கோட்டில் வரும் கணத்தில் அந்தத் தூரம் உச்சத்தை அடைகிறது. செயின் மிக இறுக்கமாக இருப்பதும் அப்போதுதான். வண்டி வெறுமையாக நிற்கும்போது ஆக்சில் அந்தக் கோட்டுக்குக் கீழே இருக்கும். ஆள் ஏறி உட்கார்ந்து, சுமையும் சேர்ந்து, ஒரு பள்ளத்தில் சக்கரம் விழுந்து எழும்போது கோட்டுக்கு வருகிறது. ஆட்டம் குறைவான வண்டியில் இந்த மாறுபாடு சிறியது. 170 மி.மீ. ஆடும் வண்டியில் அது சிறியதன்று.

என் வண்டியில் இரண்டு ஸ்ப்ராக்கெட் மையங்களுக்கும் இடையே டேப் வைத்து அளந்தபோது ஏறத்தாழ 60 செ.மீ. வந்தது. அந்த நீளத்துக்குக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். செயின் நடுவில் மேலும் கீழுமாக மொத்தம் 40 மி.மீ. தொய்வு இருக்கிறதென்றால், அதை முழுவதும் விழுங்கி செயினைக் கம்பிபோல் விறைக்கச் செய்ய, இரு மையங்களும் முக்கால் மில்லிமீட்டருக்கும் குறைவாக விலகினால் போதும். இந்த எண்ணைப் பார்த்தபின் மூன்று முறை திரும்பப் போட்டுப் பார்த்தேன்; மாறவில்லை. தொய்வு என்று கண்ணுக்குத் தாராளமாகத் தெரிவது உண்மையில் எவ்வளவு குறைந்த நீளம் என்பது கையால் தூக்கிப் பார்ப்பவருக்குத் தெரிய வாய்ப்பில்லை.

எங்கள் தொழிலில், தட்டு வெறுமையாக இருக்கும்போது தராசு பூஜ்யம் காட்டினால் அது சரியான தராசு என்று யாரும் ஒப்புக்கொள்வதில்லை. கால் சுமை, அரைச் சுமை, முழுச் சுமை என்று வைத்து, ஒவ்வொன்றிலும் பார்க்க வேண்டும். இதையே இருபது ஆண்டுகளாகச் செய்துவரும் நான், செயினை மட்டும் வெறுமையில் பார்த்துவிட்டுத் திருப்தியடைந்திருக்கிறேன். அன்று அதையும் தராசைப்போலவே சோதித்தேன். பட்டறையில் இறுக்கிய நிலையிலேயே, பக்க ஸ்டாண்டில் வெறும் வண்டியாக நின்றபோது தொய்வு 18 மி.மீ. நான் ஏறி உட்கார்ந்து, என் மகன் ஸ்கேல் பிடித்தபோது 9. பெட்டிகளில் எடைக்கற்களையும் கருவிகளையும் வைத்து உட்கார்ந்தபோது 3. இருவரும் சேர்ந்து கேரியரை அழுத்தியபோது தொய்வே இல்லை. செயின் விறைத்து நின்றது, அதற்குமேல் பின்பக்கம் இறங்கவும் மறுத்தது. மூன்று புள்ளிகளும் நேர்கோட்டுக்கு வர அப்போதும் இரண்டு விரல் தூரம் மிச்சமிருந்தது.

ஆக, மலைப்பாதையின் ஒவ்வொரு பள்ளத்திலும் பின் ஷாக் அப்சார்பர் செய்ய வேண்டிய வேலையைச் செயின் செய்துகொண்டிருந்தது. வண்டியின் பின்பாதி எடையும் என் எடையும் எடைக்கற்களும் ஒரு கயிற்றில் தொங்குவதுபோல் செயினில் தொங்கி, மறுமுனையில் கியர் ஷாஃப்ட்டை நாளுக்குப் பல நூறு தடவை பின்னோக்கி இழுத்திருக்கின்றன. ஷாஃப்ட்டைத் தாங்கும் பேரிங் அந்தத் திசையில் தளர்ந்தது, ஷாஃப்ட் அலைந்தது, சீலின் ரப்பர் உதட்டால் அந்த அலைச்சலைத் தொடர முடியவில்லை. மே மாதத்தில் சீலை மட்டும் மாற்றியபோது இந்த ஏற்பாடு அப்படியே இருந்தது.

இதில் நான் வெட்கப்பட வேண்டிய பகுதி ஒன்றும் உண்டு. மார்ச், ஏப்ரல் வாக்கில் பின்பக்கம் மிகக் கடினமாக இடிப்பதாகத் தோன்றியது. ஷாக் அப்சார்பரின் ஸ்பிரிங் இறுக்கம் அதிகம் என்று நினைத்து, இரண்டு படி தளர்த்தினேன். தளர்த்தியதால் பின்பக்கம் இன்னும் தாழ்ந்தது; தாழ்ந்ததால் செயின் இன்னும் இறுகியது; இடி கூடியதே தவிரக் குறையவில்லை. இடித்தது ஸ்பிரிங் அன்று, விறைத்த செயின். அந்தக் குறியை நான் சரியாகப் படித்திருந்தால் முதல் சீலே பிழைத்திருக்கும்.

முதல் சத்தம் ஏன் வந்தது

எல்லாவற்றுக்கும் தொடக்கமான அந்த ‘டக்டக்’ சத்தத்தை இப்போது மறுபடி பார்க்க வேண்டியிருந்தது. ஒரு பல் குறையும்போது முன் ஸ்ப்ராக்கெட்டின் ஆரம் இரண்டு மில்லிமீட்டர் அளவுக்குச் சுருங்குகிறது. செயினின் மேல் ஓட்டம் அந்த அளவு தாழ்ந்து, ஸ்விங் ஆர்மின் முன்பகுதியில் பதிந்திருக்கும் ரப்பர்த் தகட்டின் மேல் கூடுதலாக உரசும். கூடவே செயினில் அரைக் கண்ணி நீளம் மிச்சமாகும். அதைச் சரிக்கட்டச் சக்கரத்தை மூன்று நான்கு மில்லிமீட்டர் பின்னுக்குத் தள்ள வேண்டும். ஜனவரியில் அதை அரைகுறையாகச் செய்திருந்தேன். ரப்பர்த் தகட்டைக் கழற்றிப் பார்த்தபோது, அதில் செயினின் இரு வரிசைத் தகடுகளும் இரண்டு வாய்க்கால் வெட்டியிருந்தன. ஓரிடத்தில் அடியிலிருக்கும் இரும்பு தெரியக் கால் அங்குலம்தான் பாக்கி.

சத்தத்துக்கு மருந்து புதிய ரப்பரும், ஓரளவு சரிசெய்த தொய்வுமே. சத்தம் முழுவதும் அடங்கும் வரை இறுக்கியது பையனின் பிழை என்று சொல்லத் தோன்றும். ஆனால் அவன் நாள்தோறும் பார்ப்பது நகரத்து வண்டிகளை. 20 மி.மீ. தொய்வு அவற்றுக்குப் பொருந்தும். இந்த வண்டி 28 கிலோ இரும்பைத் தூக்கிக்கொண்டு மலை ஏறுகிறது என்பதை நான் சொல்லவில்லை, அவனும் கேட்கவில்லை.

திறந்து பார்த்தபோது

நாமக்கல்லில் எஞ்சின் வேலையும் லேத் வேலையும் சேர்த்துப் பார்க்கும் பெரியவர் ஒருவரிடம் வண்டியைக் கொண்டுபோனேன். சீலை வெளியிலிருந்தே எடுத்துப் போட்டுவிடலாம். பேரிங்கை மாற்ற எஞ்சினை இறக்கி இரண்டாகப் பிளக்க வேண்டும். செலவுக்கு அஞ்சி, சீலை மட்டும் மாற்றி, செயினைத் தளர்த்தி ஓட்டிப் பார்க்கலாமா என்று கேட்டேன். அவர் ஷாஃப்ட்டை ஒரு முறை அசைத்துப் பார்த்தார். “தம்பி, மூணாவது சீல் வாங்குற காசை மிச்சம் பண்ணு” என்றார்.

பிளந்தபோது பேரிங்கின் உள்வளையத்தை விரலால் சுற்றினால், மாவரைக்கும் கல்லில் மணல் விழுந்ததுபோல் கரகரத்தது. எடுத்த சீலின் உதடு முழு வட்டமாகத் தேயாமல் பின்பக்கம் மட்டும் பளபளவென்று தேய்ந்திருந்தது. மற்றப் பக்கம் புதிது போலிருந்தது. ஷாஃப்ட்டில் சீல் உரசும் இடத்தில் நகம் சிக்கும் அளவுக்குக் கோடு விழவில்லை என்பதால் ஷாஃப்ட் தப்பியது. பேரிங், சீல், கேஸ்கெட், புதிய எண்ணெய், கூலி எல்லாம் சேர்த்து 7,400 ரூபாய். செயினும் இரு ஸ்ப்ராக்கெட்டும் தனி. செயினை விரித்துப் பார்த்தால் ஓரிடத்தில் கண்ணிகள் கெட்டியாக இருந்தன. பின் ஸ்ப்ராக்கெட்டின் கடைக்கோடியில் செயினைப் பிடித்து இழுத்தால் பாதிப் பல் வெளியே தெரிந்தது; அதற்குமேல் அதை வைத்திருப்பதில் பொருளில்லை.

செயினை மீண்டும் அமைத்த முறை

தயாரிப்பாளர் கையேட்டில் உள்ள அளவு, மாற்றமில்லாத வண்டிக்கு முதல் ஆதாரம். என் வண்டியின் சுமை மாறியிருப்பதால், அதை அடிப்படையாக வைத்துக்கொண்டு நேரடியாகவும் சோதிக்க விரும்பினேன். லாரியில் சரக்குக் கட்டும் ராட்செட் பெல்ட் ஒன்றைக் கேரியரின் அடிச் சட்டத்திலிருந்து பின் ஆக்சிலுக்கு மாட்டி, சிறிது சிறிதாக இழுத்துப் பின்பக்கத்தைத் தாழ்த்தினேன். பெல்ட்டைத் தொடும் முன்பே செயினை வேண்டிய அளவுக்கு மேல் தளர்த்தி வைத்துக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் பெல்ட்டின் முழு இழுப்பும் புதிய பேரிங் மேல் விழும். முன் ஸ்ப்ராக்கெட்டின் நடுவிலிருந்து ஆக்சிலின் நடுவுக்கு ஒரு நூலைப் பிடித்து, அது ஸ்விங் ஆர்ம் அச்சின் நடுவைத் தொடும் வரை இறக்கினேன். அதுதான் செயினின் மிக இறுக்கமான நிலை. அந்த நிலையில், சக்கரத்தைக் கையால் உருட்டி, செயினில் எந்த இடம் மிகக் கெட்டியாக இருக்கிறதோ அதைக் கீழ் ஓட்டத்தின் நடுவுக்குக் கொண்டுவந்து, 10 முதல் 12 மி.மீ. தொய்வு இருக்கும்படி ஆக்சிலை நிறுத்தினேன்.

பெல்ட்டை அவிழ்த்து வண்டியைப் பக்க ஸ்டாண்டில் விட்டபோது அதே இடத்தில் தொய்வு 42 மி.மீ. காட்டியது. முன்பிருந்ததைவிட இரண்டு மடங்குக்கும் மேல். பார்ப்பவர்கள் செயின் கழன்றுவிடும் என்றே சொல்வார்கள். ஸ்விங் ஆர்மில் வெள்ளைப் பெயின்ட்டால் 42 என்று எழுதிவைத்தேன். பட்டறையில் யாரும் சொந்தக் கணக்கில் இறுக்கிவிடாமலிருக்க அது உதவுகிறது. ஒவ்வொரு முறையும் பெல்ட் கட்டத் தேவையில்லை, 42ஐச் சரிபார்த்தால் போதும். ஸ்ப்ராக்கெட்டை மாற்றினால் கேரியருக்குக் கீழே மறுபடி பெல்ட் வரும்.

ஆக்சிலை நிறுத்தும்போது இருபக்கக் கோடுகளை மட்டும் நம்பவில்லை. ஸ்விங் ஆர்ம் அச்சின் நடுவிலிருந்து ஆக்சிலின் நடு வரை இரு பக்கமும் டேப் வைத்து அளந்தேன். கோடுகள் ஒத்திருந்தும் அளவு ஒன்றரை மில்லிமீட்டர் வேறுபட்டது. அந்தக் கோணலும் செயினைத் தின்றிருக்கும்.

12 பல்லை வைத்திருக்கலாமா

புதிய ரப்பர்த் தகட்டோடும் சரியான தொய்வோடும் 12 பல் ஓடும். பலர் வருடக்கணக்கில் ஓட்டுகிறார்கள். நான் 13க்கே திரும்பினேன். ஒரு பல் குறையும்போது, எஞ்சினின் அதே திருப்பு விசைக்குச் செயினில் இழுவிசை 8.3 விழுக்காடு கூடுகிறது; அது நேராக ஷாஃப்ட் பேரிங்கின் மேல் விழுகிறது. ஒவ்வொரு கண்ணியும் பல்லில் ஏறி இறங்கும்போது வளையும் கோணம் 27.7 பாகையிலிருந்து 30 பாகையாகிறது. தேய்மானம் அந்தக் கோணத்தில்தான் நடக்கிறது. அடிபட்டு எழுந்த எஞ்சினுக்கு இவை இரண்டும் வேண்டாம் என்று தோன்றியது. இழுவை குறைந்ததை ஈடுகட்ட, சுமையைக் குறைத்தேன்: 20 கிலோ எடைக்கற்களில் பாதியை மலைமேல் உள்ள செம்மேட்டில் தெரிந்த கடை ஒன்றில் நிரந்தரமாக வைத்துவிட்டேன். இதை முதலிலேயே செய்திருந்தால் 450 ரூபாயும் மிச்சம், 7,400 ரூபாயும் மிச்சம்.

தேடும்போது கண்ணில் பட்ட மற்றவை

பின் சக்கரக் கம்பிகளை ஒரு சிறு ஸ்பேனரால் வரிசையாகத் தட்டிக்கொண்டே வந்தபோது, மற்றவை ‘டிங்’ என்று ஒலிக்க, நான்கு மட்டும் செத்த ஒலி கொடுத்தன. நான்கும் அடுத்தடுத்து, சக்கரத்தின் ஒரே பகுதியில். கம்பிச் சக்கரத்தில் ஒன்று தளர்ந்தால் அதன் பங்கை அண்டையில் இருப்பவை சுமந்து, அவையும் தளரும். கம்பிகளை ரிம்மோடு இறுக்கும் நிப்பிள்களில் மண் இறுகியிருந்ததால் ஒரு சொட்டு எண்ணெய் விட்டு ஓர் இரவு ஊறவைத்து, மறுநாள் கால் சுற்றுக்கு மேல் ஒரே தடவையில் திருப்பாமல், எதிரெதிரே மாற்றி மாற்றி இறுக்கி, கோட்டம் பார்த்தேன். 200 கிலோமீட்டர் கழித்து மறுபடி தட்டியபோது ஒன்று இன்னும் சற்றே மந்தமாக இருந்தது.

அதே சக்கரத்தில் டியூப்பின் வால்வு சாய்ந்திருந்தது. சேற்றுக்காகக் காற்றைக் குறைத்து ஓட்டும்போது டயர் ரிம்மின் மேல் வழுக்கிச் சுழல்கிறது. டியூப் அதோடு போகிறது. வால்வு மட்டும் ரிம் ஓட்டையில் மாட்டிக்கொண்டு, ஒருநாள் அடியோடு கிழியும். வால்வில் உள்ள நட்டை ரிம்மோடு இறுக்கிவைத்தால் இந்தச் சாய்வு வெளியே தெரியாது. அதனால் நட்டைத் தளர்த்தி மேலே, மூடிக்கு அடியில் கொண்டுபோய் வைத்துவிட்டேன். வால்வு சாய்ந்தால் அன்றே தெரியும். காற்றை இறக்கி, டயரைத் திருப்பி நேராக்கலாம்.

ஹேண்டில்பார் கட்டைகள் வேறு விதத்தில் ஆபத்தாக இருந்தன. முழுவதும் வலப்பக்கம் திருப்பினால் ஆக்சிலரேட்டர் கேபிள் இழுபட்டு எஞ்சின் சுற்று தானாக உயர்ந்தது. வீட்டு வாசலில் இது சிறு வேடிக்கை. கொண்டை ஊசி வளைவில், ஓரத்தில் தடுப்புக்கல் இருக்கும் இடத்தில், வேடிக்கையன்று. கேபிளை வேறு வழியாகக் கொண்டுபோயும் முன் பிரேக் குழாய் விறைப்பாகவே இருந்ததால், 30 மி.மீ. கட்டையை எடுத்து 15 மி.மீ. போட்டேன்.

ஹேண்டில் திரும்பும் பேரிங்கான கோன்செட்டில், ஹேண்டிலை மெதுவாகத் திருப்பும்போது நடுவில் சிறு பள்ளத்தில் விழுவதுபோல் நின்றது, மாற்றினேன். அடித்தகட்டுக்கும் எஞ்சினுக்கும் நடுவே ஒரு படி மண் சேர்ந்திருந்தது. அது எஞ்சின் சூட்டையும் பிடித்துவைக்கும், ஒழுகலையும் மறைக்கும் என்பதால், இப்போது மாதம் ஒருமுறை கழற்றிக் கழுவுகிறேன். மழைக்காலத்தில் கார்புரேட்டர் கிண்ணத்தின் அடித்திருகைத் தளர்த்தி, தேங்கிய தண்ணீரை வெளியேற்றுவது பழக்கமாகிவிட்டது. காகித ஏர் ஃபில்டரை கம்ப்ரசர் காற்றால் ஊதிப் பயன்படுத்துவதை விட்டுவிட்டேன். ஊதினால் சுத்தமானதுபோல் தெரியும், நுண்துளை கிழிந்திருந்தால் தெரியாது.

பிறகு

எஞ்சினைப் பூட்டியபின் 500, 1,500, 4,000 கிலோமீட்டர்களில் பவுடர் சோதனையை மறுபடி செய்தேன். மூன்று முறையும் ஷாஃப்ட்டைச் சுற்றிப் பவுடர் வெள்ளையாகவே இருந்தது. ஸ்பிரிங்கைப் பழைய படிக்கே ஏற்றியிருக்கிறேன். பின்பக்கம் இப்போது கல்லில் ஏறி இறங்கும்போது முழுத் தூரமும் ஆடுகிறது. வண்டியை வாங்கிய புதிதில் இருந்த ஆட்டம் இதுதான் என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. ‘டக்டக்’ சத்தம் முழுவதும் போகவில்லை. வேகத்தடையில் ஒரு தடவை மென்மையாகக் கேட்கும். பட்டறைப் பையன் அதைக் கேட்டு இறுக்கவா என்று கேட்டான். ஸ்விங் ஆர்மில் எழுதியிருப்பதைக் காட்டினேன். ஸ்கேலை எடுத்து அளந்து பார்த்துவிட்டு, “நாப்பத்தி மூணு இருக்குண்ணே” என்றான். விட்டுவிடச் சொன்னேன்.